தகர வில்லை முதல் மின்னட்டை வரை: மலையகத் தமிழரின் அடையாளக் குறிகளைப் படித்தல்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவோ பிரசாவுரிமைச் சட்டங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்விரண்டுக்கும் இடையே, அதிகம் கவனிக்கப்படாத மூன்றாவது வரலாறு ஒன்றும் உண்டு. அஃது இம்மக்களை இன்னார் என இனங்காட்டுவதற்காகக் காலந்தோறும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட குறிகளின் வரலாறு. தகர வில்லை, துண்டுக் கடதாசி, செக்ரோல் வரி, பிரசாவுரிமைச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, இன்றைய மின்னட்டை என அக்குறிகள் வளர்ந்து வந்துள்ளன. வடிவம் மாறிய போதிலும் ஓர் அம்சம் நெடுங்காலம் மாறவில்லை. குறியைச் சுமந்தவர் ஒருவராகவும், அதனைப் படித்துப் பொருள்கொண்டவர் வேறொருவராகவும் இருந்தனர். இந்த இடைவெளி மக்களுக்கு என்ன விளைவித்தது, இன்றைய மின்னட்டையின் காலத்தில் அஃது ஒழிந்துவிட்டதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகர வில்லையும் துண்டும்

கோப்பிச் செய்கைக் காலத்திலே தென்னிந்தியத் தொழிலாளர் கங்காணிகளின் தலைமையில் கூட்டங்கூட்டமாக மலைநாட்டுக்கு வந்தனர். 1869 முதல் பரவிய இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, ஆண்டு முழுவதும் தங்கி உழைக்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. ஆள்திரட்டலை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் நிறுவப்பட்டது. இக்காலப் பகுதியிலேயே ‘டின் டிக்கட்’ எனப்பட்ட தகர வில்லை வழக்கிற்கு வந்தது. தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதை அதிற் பொறிக்கப்பட்ட குறி காட்டிற்று. வழிப்பயணத்தில் அவருக்காகும் செலவு அக்குறியைக் கொண்டு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை ஏற்பட்டபின், தகரத்திலிருந்த அந்தக் குறியே பயணிக்கு முகவரியாயிற்று எனலாம்.

இவ்வில்லையில் ஊர் இல்லை, தந்தை பெயர் இல்லை, வயதும் இல்லை. படிப்பவருக்கு அவை தேவைப்படவுமில்லை. முகாம் எழுதுவினைஞருக்கும் தோட்டத்துரைக்கும் தெரியவேண்டியிருந்தவை இரண்டே: ஆள் எந்தத் தோட்டத்துக்குரியவர், செலவு யார் பேரில் எழுதப்படவேண்டும். ஒரு குறியிலே எவை இடம்பெறுகின்றன என்பதைக் கொண்டே அதனை ஆக்கியவரின் நோக்கத்தை அறியலாம்.

தோட்டத்தை அடைந்த தொழிலாளி அடுத்துச் சந்தித்த குறி ‘துண்டு’ ஆகும். தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அத்தொகை செலுத்தப்பட்டால் அவரை விடுவிக்கத் தயார் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு கடதாசியே அது. கங்காணி அதனைக் கொண்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்வார். புதிய துரை கடனைச் செலுத்தி ஆள்களைப் பெற்றுக்கொள்வார். கடன் சிலவேளை தொழிலாளி அறிந்ததிலும் மிகையாக இருந்தது. தம் பெயருக்கு நேரே எழுதப்பட்ட தொகையைத் தாமே படிக்க இயலாதவர் அதனை மறுப்பது எவ்வாறு? இம்முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஒரு கடதாசியைப் படிக்க முடியாமை ஒரு குடும்பத்தின் தலைமுறைக் கடனாக மாறக்கூடும் என்பதை அதற்கு முந்திய ஆண்டுகள் காட்டிவிட்டன.

‘பேர்’ என்னும் சொல்

தோட்டத் தமிழில் வழங்கும் ஒரு சொல் இங்கு கருதத்தக்கது. ஒருநாள் வேலைக்கும் அதற்குரிய சம்பளத்துக்கும் அங்கே ‘பேர்’ என்று பெயர். பறித்த கொழுந்து குறித்த நிறையை எட்டாவிடின் ‘அரைப் பேர்’ போடப்படும். காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுத்து, செக்ரோலிலே பெயருக்கு நேரே குறியிடும் வழக்கத்தோடு இச்சொல்லாட்சியை இணைத்து நோக்கலாம். தாய்தந்தையர் இட்ட பெயரைக் குறிக்கும் சொல், நாட்கூலியின் அளவையையும் குறிக்கலாயிற்று.

செக்ரோலிற் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டன. இதன் விளைவு பின்னாளில் வெளிப்பட்டது. ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடு இல்லை. தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையேயும் தெளிவான வேறுபாடு காட்டப்படுவதில்லை. ‘வள்ளி’ எனச் சொல்லப்பட்ட பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மீண்டும் தமிழாக்கப்படும்போது ‘வல்லி’ ஆகிவிடலாம். பேச்சில் ‘லெட்சுமி’ என வழங்கும் பெயர் ஓரிடத்தில் ‘லட்சுமி’ எனவும் மற்றோரிடத்தில் ‘இலட்சுமி’ எனவும் பதியப்படலாம். உறவினருக்கு இவை மூன்றும் ஒரே பெண்ணின் பெயர்கள். ஆவணங்களை ஒப்புநோக்கும் அலுவலருக்கோ அவை மூவரின் பெயர்கள்.

சான்று கேட்ட சட்டங்கள்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றிபெற்றது. அடுத்துவந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் இயற்றப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையோரைப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. ஆயினும் 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது நாட்டில் வசித்தமையை நிறுவுமாறு அது கோரிற்று. விண்ணப்பிப்பதற்கு 1951 ஆகஸ்டு 5ஆந் திகதி வரையே அவகாசம் தரப்பட்டது.

சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8,25,000 பேருக்காகச் செய்யப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே இறுதியிற் பிரசாவுரிமை பெற்றனர். சட்டம் கேட்டது வாழ்ந்தமையை அன்று, வாழ்ந்தமைக்கான எழுத்துச் சான்றையே. பிறப்புப் பதிவு, தோட்டப் பதிவேடு, பிரயாணப் பத்திரம் ஆகியவற்றிலே பெயரும் வயதும் ஒத்திருத்தல் வேண்டும். தோட்டத்தில் நிகழும் பிறப்பைப் பெற்றோர் துரைக்கு அறிவிக்க, துரை பதிவதிகாரிக்கு அறிவிக்கும் முறையே நிலவிற்று. ஒருவர் பிறந்தமைக்கான சான்று அவர் கையில் அன்றி அவரை வேலைகொள்பவரின் அலுவலகத்தில் தங்கிய நிலையில், ஏழாண்டு வாசத்தை நிறுவுதல் எத்துணை அரிதாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எஞ்சியோரை இரு அரசுகள் எண்ணிக்கையாற் பங்கிட்டுக்கொண்டன. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. மீதமாக விடப்பட்ட 1,50,000 பேர் 1974இற் சமபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் நிலை நீங்கிற்று.

அடையாள அட்டை இலக்கத்தின் பொருள்

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. மலையகத்தில் இவ்வட்டையைப் பெறுவதற்குப் பிறப்புச் சான்றிதழோடு, பிரசாவுரிமைச் சான்றையும் காட்டவேண்டியவர்கள் பலர். ஆகவே முன்னைய ஆவணங்களின் குறைகள் அனைத்தும் புதிய அட்டைக்குள்ளும் புகுந்தன. உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்த 1983 முதல் 2009 வரையான காலத்தில், சோதனைச் சாவடியிலே அட்டை காட்ட இயலாமை தடுத்துவைக்கப்படுவதற்கு ஏதுவாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுதல், வாக்களித்தல், ஊழியர் சேமலாப நிதியைப் பெறுதல் ஆகிய யாவும் இவ்வட்டையைச் சார்ந்துள்ளன.

அட்டையிலுள்ள இலக்கம் வெறும் தொடரிலக்கம் அன்று. அது சுருக்கி எழுதப்பட்ட ஒரு வாழ்க்கைக் குறிப்பு. பழைய இலக்கம் ஒன்பது எண்களையும் ஓர் ஆங்கில எழுத்தையும் உடையது. முதலிரு எண்கள் பிறந்த ஆண்டின் இறுதி இலக்கங்கள். அடுத்த மூன்றும் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். அதன்பின் வரும் மூன்று எண்கள் அந்நாளில் பிறந்தோரின் தொடரிலக்கம். ஒன்பதாவது, எழுத்துப்பிழையைக் கண்டறிவதற்கான சரிபார்ப்பு எண்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இலக்கம் 55561 எனத் தொடங்குகின்றது எனக் கொள்க. ஆண்டு 1955. நாளெண் 561 ஆதலால் அட்டைக்குரியவர் பெண். 500ஐக் கழிக்க எஞ்சுவது 61. நாட்காட்டியைக் கொண்டு எண்ணுபவர், 1955 லீப் ஆண்டு அன்று ஆதலால், 61ஆம் நாள் மார்ச் 2 எனக் கூறுவார். அது தவறு. இவ்விலக்க முறையிலே எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாள்கள் கொள்ளப்படுகின்றன. எனவே 61 என்பது மார்ச் 1 ஆகும். குறியீட்டின் விதியை அறியாதவர், எண்ணை ஐயமறக் கண்டபோதும், பிறந்தநாளைப் பிழையாகவே படிப்பர்.

இறுதியில் நின்ற எழுத்து இரண்டில் ஒன்று. ‘வி’ என்னும் ஆங்கில எழுத்து வாக்காளரையும், ‘எக்ஸ்’ வாக்காளராகத் தகுதி பெறாதவரையும் குறிப்பனவாகக் கொள்ளப்படும். ஒருவர் வாக்களிக்கத் தக்கவரா என்னும் வினா 1949இல் மலையகம் முழுவதன்மீதும் எழுப்பப்பட்ட வினாவாகும். அதே வினா, இவ்வட்டையில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நின்றது. அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த எத்தனை பேர் அவ்வெழுத்தின் பொருளை அறிந்திருந்தனர் என்று கேட்பது பொருத்தமே. வடக்கு கிழக்குக்கு வெளியே, 2014ஆம் ஆண்டளவில் இருமொழி அட்டை வரும்வரை, விபரங்கள் சிங்களத்திலேயே எழுதப்பட்டன. ஆகவே தமிழ் மட்டும் கற்ற தோட்டத் தொழிலாளி தம் பெயரைக்கூடத் தம் அட்டையிற் படிக்க இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. தவறு இருந்தால் அதனைக் கண்டுபிடிக்கக் கூடிய ஒரேயொருவர் அட்டைக்குரியவரே. அவரோ அதனைப் படிக்க முடியாதவராக வைக்கப்பட்டார்.

மின்னட்டையும் தமிழ்ப் பெயரும்

2016 சனவரி முதல் இலக்கம் பன்னிரண்டு எண்களாயிற்று. 1916இற் பிறந்தவருக்கும் 2016இற் பிறந்தவருக்கும் முதலிரு எண்கள் ஒன்றாகிவிடும் இடர் இதனால் நீங்கியது. ஆண்டு முழுமையாக நான்கு எண்களிலும், தொடரிலக்கம் நான்கு எண்களிலும் எழுதப்பட, இறுதி எழுத்து கைவிடப்பட்டது. 2017 ஒக்டோபரில் மும்மொழியிலும் விபரங்கள் தாங்கிய புதிய மின்னட்டை வழங்கப்படலாயிற்று. அதன் பின்புறத்தில் பொறி படிக்கத்தக்க பட்டைக்குறி உண்டு.

பொறியொன்று அட்டையைப் படிப்பது மூன்று படிகளில் நிகழ்கின்றது. முதலாவதாக, கருமை வெண்மைக் கோடுகளோ சில்லுவின் மின்னலைகளோ பூச்சியமும் ஒன்றுமான நீண்ட தொடராகப் பெறப்படுகின்றன. இரண்டாவதாக, அத்தொடர் எவ்விடத்தில் இலக்கம், எவ்விடத்தில் பெயர், எவ்விடத்தில் திகதி என வகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னர் அது இன்னது, இத்துணை நீளமுடையது என்னும் குறிப்பை வைப்பது சில்லு அட்டைகளிற் பெருவழக்கு. மூன்றாவதாக, எண்களை எழுத்தாக்கும் அட்டவணை ஒன்றின் துணையோடு பெயர் வாசிக்கப்படுகின்றது. இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளே.

தமிழைப் பொறுத்தவரை மூன்றாவது படியே நுட்பமானது. உலக எழுத்துகளுக்கான ஒருங்குறி என்னும் பொது அட்டவணையில் 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சிங்களம் 1999இற் சேர்க்கப்பட்டது. ‘வள்ளி’ என்னும் பெயரில் நாம் காண்பன மூன்று எழுத்துகள். பொறியோ வகரம், ளகரம், புள்ளி, ளகரம், இகரக் குறி என ஐந்து எண்களாக அதனைச் சேமிக்கின்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது பொறிக்கு வேறாக இருக்கலாம் என்பதால், மனித அலுவலர் ஒருவர் பொருட்படுத்தாது விடக்கூடிய எழுத்து வேறுபாட்டைப் பொறி பொருந்தாமை என்றே அறிவிக்கும். செக்ரோல் எழுதுவினைஞரின் பேனாவில் நிகழ்ந்த லகர ளகர மயக்கம், இவ்வாறு நூறாண்டு கடந்து கணினித் திரையில் மீண்டும் தோன்றுகின்றது.

முன்னர்க் கூறிய சரிபார்ப்பு எண்ணின் இயல்பையும் இங்கு நினைவுகூரல் வேண்டும். இலக்கத்தைப் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழையை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் தோட்டத்திற் பிறப்பு பிழையாகப் பதியப்பட்டிருந்தால், அப்பிழையின்மேல் எழுந்த இலக்கமும் சரிபார்ப்பிற் குறைவின்றித் தேறிவிடும். பொறியால் அட்டையைச் சோதிக்க முடியும். பதிவேட்டைச் சோதிக்க முடியாது.

கைநாட்டிலிருந்து விரல்ரேகைக்கு

பெருந்தோட்டத் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் இத்தகைய அனுபவம் உண்டு. மலாயாவில் 1948இல் அவசரகால நிலையின்போது அடையாள அட்டை அறிமுகமாயிற்று. பின்னர் மலேசியாவிற் பிரசைகளுக்கு நீல அட்டையும், பிரசையல்லாத நிரந்தர வாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் என்னும் வேறுபாடு நிலைத்தது. அந்நாட்டிலேயே பிறந்து இறப்பர்த் தோட்டங்களில் உழைத்து முதிர்ந்த தமிழரிற் சிலர் சிவப்பு அட்டையோடு வாழ்ந்தனர். 2001இல் மலேசியா சில்லு பொருத்திய ‘மைகாட்’ அட்டையை வெளியிட்டது. அட்டை நுட்பத்திற் பெரும் முன்னேற்றம் கண்ட அந்நாட்டிலும், பிறப்புப் பதிவு இல்லாதவரின் சிக்கலைச் சில்லு தீர்க்கவில்லை.

இலங்கையில் அடுத்த கட்டமாக, முகம், கருவிழி, விரல்ரேகை ஆகியவற்றைப் பதியும் இலக்கமுறை அடையாளத் திட்டம் வகுக்கப்பட்டு, அதற்கு நன்கொடை வழங்க 2022 மார்ச்சில் இந்தியா உடன்பட்டது. இந்தியாவின் ஆதார் திட்டத்திலே, உடலுழைப்பினால் தேய்ந்த விரல்களின் ரேகையைப் பொறி இனங்காண இடர்ப்படுவது பலவிடங்களில் அறியப்பட்டுள்ளது. கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் விரலைத் தேய்க்கும் தொழில்களே. ஒரு காலத்தில் எழுத்தறியாதவர் என்பதன் அடையாளமாகக் கைநாட்டு வாங்கப்பட்டது. அப்போது விரல் மை பட்டாற் போதும். இனி அவ்விரலையே பொறி படிக்கப்போகின்றதெனின், தேய்ந்த விரலுடையோருக்கு மாற்றுவழி என்ன என்பது திட்டத்தின் தொடக்கத்திலேயே வினவப்படவேண்டியதாகும்.

முடிவுரை

தகர வில்லையின் குறியை முகாம் அதிகாரி படித்தார். துண்டின் தொகையைத் துரையும் கங்காணியும் படித்தனர். 1949இன் விண்ணப்பங்களை ஆணையாளர் படித்தார். அட்டையின் எண்ணைச் சாவடிக் காவலர் படித்தார். இன்று பொறி படிக்கின்றது. இவ்வரிசையிலே படிப்பவர் மாறிய அளவுக்குப் படிக்கப்படுபவரின் நிலை மாறவில்லை. அம்மாற்றம் நிகழவேண்டுமாயின் இரண்டு காரியங்கள் தேவை. ஒன்று, அட்டையில் தம்மைப் பற்றி எழுதப்பட்டவை யாவை என்பதை, பொறிக்குறியில் உள்ளவை உட்பட, தம் மொழியிலேயே கேட்டறியவும் திருத்தவும் ஒவ்வொருவருக்கும் இலகுவான வழி இருத்தல். மற்றையது, அட்டைக்கு அடித்தளமான பிறப்புப் பதிவுகளும் பெயர்ப் பதிவுகளும் தோட்டந்தோறும் சீர்செய்யப்படுதல்.

மலைநாட்டுத் தமிழரின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்தமை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமாக நினைவுகூரப்பட்டது. முன்னோர் நடந்த திசையிலேயே அவர்தம் வழித்தோன்றல்கள் நடந்தனர். இவ்வழித்தோன்றல்களிற் பலர் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர், லயத்திலுள்ள பெரியோரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்து, எண்ணின் பொருளைச் சொல்லி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் காட்டுவது பெரும் ஆராய்ச்சி அன்று. ஓய்வூதியமோ சேமலாப நிதியோ பெறப்போகும் முதியவருக்கு அவ்வரைமணி நேரம் பல மாத அலைச்சலைத் தவிர்க்கக்கூடும்.